நாற்பத்தொரு முறை விற்ற கீறல்

கீறல் இடது விலாவில் இருக்கிறது,
சுண்டுவிரல் நீளம்.
அதைப் போட்டது ஒரு பாறை.
பாறையிடம் யாரும் பணம் கேட்கவில்லை.

அதன்பின் நாற்பத்தொரு பேரிடம் கேட்டோம்.
கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால்
எண்ணிக்கை தெரியும்.

புக்கெட்டின் மேற்குக் கரை, ஜெட்-ஸ்கி வாடகை.
காலையில் மெழுகும் வெள்ளைச் சாயமும் குழைத்து
கீறலை மூடுவது என் வேலை,
முகத்துக்குப் பவுடர் போடுகிற அதே பொறுமையோடு.
அரைமணி உப்புத்தண்ணீர் போதும் சாயம் கரைய.
வண்டி திரும்பும்போது
கீறலும் சிரித்துக்கொண்டே திரும்பும்.

அப்புறம் முதலாளி சக்சித்தின் முறை.
தலையில் கைவைத்துக்கொள்வார்.
‘புது வண்டி சார், போன வாரம் வாங்கியது!’
அறுபதாயிரம் பாட்டில் ஆரம்பிக்கும்.
தென்னை நிழலில் நிற்கும் இரண்டு பையன்கள்
ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் கிட்டே வருவார்கள்.
பாஸ்போர்ட் என் பிஸ்கட் டின்னுக்குள்.
பெரும்பாலும் பதினெட்டாயிரத்தில் முடியும்.
தேனிலவுக்காரர்கள் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள்,
ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வருவதற்குள்.

இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் ஓர் இடது விலா உண்டு.
மீட்டர் நேற்றுத்தான் கெட்டுப்போன டாக்ஸி,
வருஷம் முழுக்க ‘இன்றே கடைசி’ ரத்தினக் கடை,
உன் கண்ணெதிரே எண்ணி
கடைசி இரண்டு நோட்டைக் கட்டைவிரலால்
மேஜைக்குப் பின்னால் நழுவவிடும் பிரயூன்.
அவன் விரலைப் பார்த்து நானே மயங்கியிருக்கிறேன்.

கீறலில்தான் சக்சித்தின் மாடி எழும்பியது.
என் மகனின் முன்பல்லும் அதில்தான் நேரானது.
சொல்ல வெட்கம்தான்.
சொல்லாமல் விட இன்னும் வெட்கம்.

போன செவ்வாய் ஒருத்தி வந்தாள், போஜெனா,
அறுபது வயது, வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருந்தது.
பாஸ்போர்ட் கேட்டேன்.
‘அறையில் தூங்குகிறது. முன்பணம் தருகிறேன்,
ரசீது எழுது’ என்றாள்.
ரசீது!
பேனாவைத் தேட வேண்டியிருந்தது.

பிறகு வண்டியைச் சுற்றினாள்.
அவசரமில்லை, சந்தேகம்கூட இல்லை.
குனிந்து, உள்ளங்கையைப் படரவிட்டு
முனையிலிருந்து வால்வரை
காய்ச்சல் பார்ப்பதுபோல் போனாள்.
பக்கத்துக்கு ஒரு படம் எடுத்தாள்.
என் முகமும் ஓரத்தில் விழுந்திருக்கும்.

இடது விலாவில் கை நின்றது.
சுரண்டினாள்.
சாயம் அவள் நகக்கண்ணுக்குள் போக
பிறந்தமேனியாகக் கிடந்தது கீறல்.

நான் கடலைப் பார்த்தேன்.
கடல் என்ன செய்யும், பாவம்.

அவள் திட்டவில்லை.
கையும் அரைகுறை இங்கிலீஷுமாகச் சொன்னாள்:
முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டினாளாம், வூட்ச் நகரத்தில்.
விடியாத டிப்போ, முழங்கால் பனி,
வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்று.
பார்க்காமல் எடுத்தால்
முந்தின ஷிஃப்ட்காரன் இடித்தது நம் தலையில்,
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
‘பார்த்துவிட்டால்
அது அவனுடையது’ என்றாள்.

ரசீதின் அடியில் எழுதச் சொன்னாள்:
இடது பக்கம், பழைய கீறல், ஒன்று.
எழுதினேன்.
நாற்பத்தொரு பேர் கேட்டிருக்க வேண்டிய வரி
இவ்வளவு சின்னது.

அரைமணி கழித்துச் சொட்டச் சொட்ட வந்தாள்,
தொண்டை கட்டுமளவு கத்திச் சிரித்திருந்தாள்.
சக்சித் எழுந்தார்,
ரசீதைப் பார்த்தார்,
உட்கார்ந்தார்.

மறுநாளும் சாயம் குழைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் மெல்லிசாக.

அந்த வாரமே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று பார்க்கப் போனேன்.
‘வாங்கி ஒரே வருஷம்தான் அக்கா’ என்றான் விற்கிறவன்.
பின்பக்கம் போனேன்,
குனிந்து, உள்ளங்கையைப் படரவிட்டு
மேலிருந்து கீழே.

அவன் கடலிருக்கும் திசையைப் பார்த்தான்.